பழகிய பொருள், நிறம் பழுப்பு

கன்றுக்குட்டி அழுவதைக் கவனிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். இருக்கிறது. மூன்று மாடி. பெரிய சாலையிலிருந்து பாலத்துக்குப் பிரியும் முக்கில், மஞ்சள் வண்ணம் அடித்த கட்டடம். வாசலில் ஆளுயர எழுத்தில் 'இளங்கன்றுத் துயர் தணிப்பு இயக்ககம்' என்று பலகை. உள்ளே எழுபத்திரண்டு பேருக்கு வேலை. ஒரு மாதம் நிறையாத கன்றை ஏற்றிக்கொண்டு போகும் எந்த வண்டியும் அந்த வாசலுக்குள் நுழைந்து வெளியே வராமல் பாலத்தைத் தாண்ட முடியாது. வண்டி ஆட்டத்தில் கன்றுக்கு எவ்வளவு பயம், தாயைப் பிரிந்ததில் எவ்வளவு ஏக்கம் என்று அளப்பார்கள். அளவு கூடியிருந்தால் தணிப்பார்கள். தணிந்ததும் சான்றிதழ் கொடுப்பார்கள். நோக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

அந்த வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நிதானம் தன் சின்ன லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

நிதானம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. முட்டை ஏற்றினாலும் செங்கல் ஏற்றினாலும் ஒரே வேகத்தில் போகிறவர் என்பதால் சக டிரைவர்கள் வைத்த பெயர். படிப்பதிலும் அவர் அப்படித்தான். சோதனைச் சாவடிகளில் காத்துக் கிடந்தே பாதி வாழ்க்கை போனதால், சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு எதுவானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசியில் பொடியாக இருக்கும் அச்சகத்தின் முகவரி வரை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். இந்தப் பழக்கத்தால் அதுவரை அவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இருந்ததில்லை.

அன்று வண்டியில் இருந்தது அவருடைய அக்காவின் மாடும் கன்றும். அக்கா கொட்டகையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள். மாடு பழுப்பு நிறம், பெயர் மகராசி. கன்றுக்கு நெற்றியில் வெள்ளையாக ஒரு வட்டம், அதனால் பொட்டு. பிறந்து ஒன்பது நாள். போன வருடம் மகராசி போட்ட கன்றை வேறொருவர் வண்டியில் தனியாக அனுப்பினாள் அக்கா. போய்ச் சேர்ந்த இடத்தில் அது பாலைத் தொடவே இல்லை, மூன்றாம் நாள் செத்துப்போனது. மகராசி ஒரு மாதம் கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. அக்காவும் அப்படித்தான் நின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இந்த முறை கிளம்பும்போது தம்பியின் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். "ரெண்டையும் பிரிக்காதடா. கல்லு மழையே பேஞ்சாலும் பிரிக்காத. நாப்பது நிமிஷ வழி, நீ ஒரு மணி நேரம் ஓட்டுவ, பரவால்ல. ஆனா சேத்துக் கொண்டாந்து விடு."

நிதானம் வைக்கோலைத் தாராளமாகப் பரப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கொண்டுவந்தார். வழி முழுக்கப் பொட்டு அம்மாவின் வயிற்றில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் வந்தது. அரை வழியில்தான் இந்த வாசல்.

வாசல் காவலர் தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன அண்ணே இது? ரெண்டையும் ஒண்ணாவா ஏத்தியிருக்கீங்க?"

"ஆமா. அம்மாவும் புள்ளையும்தானே."

"பதினொரு வருஷமா இந்த வாசல்ல நிக்கிறேன். இந்த மாதிரி ஒண்ணு வந்ததே இல்ல. உள்ள போங்க, உள்ள போங்க. படிவ அம்மாகிட்ட நீங்களே பேசிக்கோங்க."

படிவ அம்மா என்று எல்லோரும் சொன்ன அந்த அதிகாரி, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் பெரிய ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் வண்டிகள் நிற்கும் முற்றம். ஆனால் அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தே பதினொரு வருடம் வேலை பார்த்திருந்தார். படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் முத்திரை விழும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் விழாது. அவ்வளவுதான் அவருடைய சித்தாந்தம். எழுபத்திரண்டு பேரில் சொன்ன சொல் மாறாதவர் அவர் ஒருவர்தான் என்று காவலரே சொன்னார்.

"பேரு?"

"எம்பேரா, மேடம்?"

"கன்னு பேரு."

"பொட்டு."

"வயசு?"

"ஒம்பது நாள்."

"தாயைப் பிரிஞ்சு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"பிரியலையே மேடம். கூடத்தான் வருது. தோ, உங்களுக்குப் பின்னாடி, முற்றத்துல நிக்குது."

படிவ அம்மா திரும்பவில்லை. பேனா மட்டும் நின்றது.

"பிரியலைன்னா ஏழாவது கட்டத்துல நான் என்ன எழுதறது? 'தாயைப் பிரிந்ததால் ஏற்பட்ட துயரத்தின் அளவு'ன்னு போட்டிருக்கு."

"அந்தத் துயரம் இல்லைன்னு எழுதுங்க."

"காலியா விடக்கூடாது."

"சைபர்னு போடுங்க மேடம்."

"சைபர்னு போடணும்னா அளந்து பாத்துட்டுத்தானே போடணும்?" மந்தமான பிள்ளைக்குக் கணக்கு சொல்லித் தருகிற பொறுமையோடு அவர் கேட்டார். "அளக்கணும்னா என்ன பண்ணணும்?"

"என்ன பண்ணணும்?"

"பிரிக்கணும்."

 அக்கா, சட்டை, கல்மழை என்று நிதானம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சீருடை போட்ட இரண்டு பேர் முற்றத்துக்குப் போய்ப் பொட்டுவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மகராசி வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கொடுத்தது. கட்டடம் அதிர்ந்தது. படிவ அம்மா மேஜையில் ஆடிய டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"மாடு கத்துது மேடம்!"

"மாடுன்னா அது தாய்மாட்டு இயக்ககம். அவங்க ஆபீஸ் வேற ஊர்ல இருக்கு."

முதல் மாடியில் 'அமைதி அறை' என்று ஒன்று இருந்தது. சுவர் முழுக்கப் புல்வெளிப் படம் வரைந்திருந்தார்கள். பச்சையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருந்தது. பொட்டு போன வேகத்தில் அந்தப் புல்வெளிக்குள் ஓடப் பார்த்து மூக்கை இடித்துக்கொண்டது. கூரையில் ஒரு ஒலிபெருக்கி ஓடைத் தண்ணீர் சலசலக்கும் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. தரையில் பினாயில் வாசனை. கொட்டகை வாசனையும் அம்மா வாசனையும் தவிர வேறு எதுவும் தெரியாத ஒன்பது நாள் ஜீவன் நடு அறையில் நாலு காலையும் பரப்பி நின்று, கழுத்தை நீட்டி, கத்தத் தொடங்கியது.

டிக்.

மூலையில் ஒரு ஸ்டூலில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் பஸ்ஸில் ஏறுகிறவர்களை எண்ணுவார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன இரும்புக் கருவி. ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு டிக். அவர் பதவியின் பெயர் கத்தல் எண்ணர், இரண்டாம் நிலை. எண்ணி எண்ணி வலது கட்டைவிரல் மட்டும் தடித்துப்போயிருந்தது.

"அஞ்சு நிமிஷத்துல பன்னெண்டு வரைக்கும் போலாம். அதுக்கு மேல போனா பதற்றம்" என்றார் நிதானத்திடம், மெதுவாக, கன்றுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"இப்போ எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

நிதானம் விழுந்தடித்துக்கொண்டு படிவ அம்மாவிடம் ஓடினார். "மேடம், அளந்தாச்சு. நாப்பத்தொண்ணு. ஏழாவது கட்டம் நெரம்பிடுச்சு. கன்னைக் குடுங்க, நான் போறேன்."

"நாப்பத்தொண்ணா?" படிவ அம்மா முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். அதில் கண்டிப்பு இருந்தது. "இவ்ளோ பதற்றத்துல இருக்குற கன்னையா வண்டியில ஏத்தப் போறீங்க? விதி பதினொண்ணு. பதற்றத்துல இருக்குற கன்னை இடம் மாத்தக் கூடாது. தணிஞ்சாத்தான் வெளியே."

"நீங்க பிரிச்சதாலதானே மேடம் கத்துது!"

"காரணம்ங்கற கட்டத்துல ரெண்டே பதில்தான் இருக்கு. ஒண்ணு வாகனம், இன்னொண்ணு வானிலை." ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "மழை பெய்யல" என்றார். 'வாகனம்' என்ற இடத்தில் ஒரு டிக் விழுந்தது. நிதானம் ஓட்டிய வேகத்தில் கன்று தூங்கிக்கொண்டு வந்தது என்பதைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்குத் தணிப்பு நடவடிக்கைகள் தொடங்கின. முதலில் மரத்தில் செய்து போர்வை சுற்றிய பொய்ப் பசு ஒன்று வந்தது. நாலு சக்கரத்தில் உருண்டு வந்தது. பொட்டு ஆசையாக ஓடி அதன் அடிவயிற்றில் முட்டித் தேடியது. அங்கே நான்கு ஆணிகளும் ஒரு சரக்குப் பட்டியல் எண்ணும்தான் இருந்தன. அதற்குப் பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு கத்தியது. எண்ணருக்குக் கட்டைவிரல் மாற்ற வேண்டியதாயிற்று.

"மத்தியானம் பால் குடிக்கிற நேரம் சார்," என்று நிதானம் கெஞ்சினார். "ஒரு அஞ்சு நிமிஷம் அம்மாகிட்ட விடுங்க. குடிச்சதும் நானே தூக்கிட்டு வந்து விட்டுடறேன்."

"அளவை நடக்கும்போது ஊட்டக் கூடாதுங்க. வயிறு நெறஞ்சா பதற்றம் கொறைஞ்சிடும். அப்புறம் எப்படித் தணிக்கறது?" என்றார் எண்ணர். சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி யோசித்தார். யோசிப்பது அவருடைய பதவிக்கு உரிய வேலை இல்லை என்பதால் மறுபடி டிக்கத் தொடங்கினார்.

அடுத்ததாக இயக்குநரே வந்தார். கோட்டு, டை, பளபளவென்ற ஷூ. கையில் அச்சடித்த ஆறுதல் உரை. கன்றுக்கு எதிரே மூன்றடி தள்ளி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"மதிப்புக்குரிய கன்றே! தங்களுக்கு ஏற்பட்டுள்ள இத்தற்காலிகப் பிரிவு தங்கள் நலன் கருதியே ஏற்படுத்தப்பட்டுள்ளது என்பதை இயக்ககம் அன்புடன் தெரிவித்துக்கொள்கிறது. தங்களது கதறல் ஒவ்வொன்றும் உரிய பதிவேட்டில் ஏற்றப்பட்டு வருகிறது. ஒன்றுகூட விடுபடாது என உறுதியளிக்கிறோம். தங்கள் ஒத்துழைப்பை நாடுகிறோம்."

ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு அவர் வந்தபோது பொட்டு கிட்டே போய் அவருடைய கோட்டு நுனியை வாயில் கவ்விச் சப்பத் தொடங்கியது. இயக்குநர் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். "கன்றோடு பிணைப்பு ஏற்படக் கூடாது. பிரியும்போது அதுக்குத்தான் கஷ்டம்" என்று விளக்கினார். கன்று வெறும் வாயைச் சப்பிக்கொண்டு நின்றதை நிதானத்தால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடவில்லை இயக்குநர். புகார் சொல்லும் முகம் யாருக்கு இருந்தாலும் அவரைத் தன் அறைக்குக் கூட்டிப் போய் நாற்காலி போட்டுப் பேசுவது அவர் வழக்கமாம்.

"உக்காருங்க. உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். நான் பொறுப்பேத்துக்கறதுக்கு முன்னாடி, கன்னுங்க கத்திக்கிட்டே இருந்துச்சு. யாராவது எண்ணினாங்களா? ஒருத்தர் எண்ணல. இன்னிக்கு? நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம் கத்தல். அத்தனையும் பைண்ட் பண்ணி மூணாவது மாடில வெச்சிருக்கோம். வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்து வாயடைச்சுப் போயிட்டாங்க."

"நீங்க வந்தப்புறம் கத்தல் எவ்ளோ கொறைஞ்சிருக்கு சார்?"

"கொறையறதா!" இயக்குநருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மொத வருஷத்தைவிட ஏழு மடங்கு கூடியிருக்கு. அப்படின்னா எவ்ளோ துல்லியமா எண்ணுறோம்னு பாத்துக்கோங்க."

நிதானத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"சார், எல்லாரும் அம்மாவையும் கன்னையும் ஒண்ணா ஏத்திக்கிட்டு வந்துட்டா கத்தவே கத்தாதே?"

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அப்படியெல்லாம் வெளிய பேசாதீங்க. எழுபத்திரண்டு குடும்பம் இருக்கு. கன்னு கத்தறதை நம்பித்தான் அவங்க இருக்காங்க. ஒரு கன்னோட கண்ணீரைத் துடைக்கணும்னா, மொதல்ல அது அழணுமில்லையா?"

இதைச் சொல்லும்போது அவர் கண்ணே கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அதுதான் அந்த மனிதரிடம் கொடுமை.

மூன்று மணி சுமாருக்கு டிக் சத்தம் நின்றது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஓடைத் தண்ணீர் மட்டும் சலசலத்துக்கொண்டிருந்தது. எண்ணர் கருவியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், பழுதோ என்று. ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. கருவி சைபரைக் காட்டியது. விஷயம் மாடி மாடியாகப் பரவி, மூன்றாவது மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். பதினொரு வருடத்தில் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கிய கன்றுகள் உண்டு. சைபர் வந்ததே இல்லை. ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

"முழு அமைதி!" என்றார் இயக்குநர். "நாளைக்குப் பதினோரு மணிக்கு அமைச்சர் வர்றார். இந்தக் கன்னைத்தான் அவருக்குக் காட்டப் போறோம். அதுவரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது. அம்மாவைக் காட்டக் கூடாது. இந்த அமைதி கலையக் கூடாது."

நிதானம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். பொட்டு புல்வெளிச் சுவரோரம் படுத்திருந்தது. காது இரண்டும் தொங்கியிருந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, கத்தறத நிறுத்திடுச்சுக்கா."

 "காது?" என்றாள் அக்கா.

"தொங்குது."

"வாய்க்குள்ள வெரல விட்டுப் பாரு."

கூட்டம் கை குலுக்கிக்கொண்டிருந்த சந்தடியில் நிதானம் உள்ளே நுழைந்து மண்டி போட்டு விரலை விட்டுப் பார்த்தார். காலையில் அதே விரலை அது என்ன இழுப்பு இழுத்தது! இப்போது சப்பவே இல்லை. வாய் சில்லென்று இருந்தது.

"சப்பலக்கா. வாயெல்லாம் சில்லுனு இருக்கு."

"தம்பி," என்றாள் அக்கா. அவள் அழும்போதுதான் 'டா' போடாமல் தம்பி என்பாள். "போன வருஷமும் இப்படித்தான். நாளைக்குக் காலை வரைக்கும் அது தாங்காது. பாரு, என்னமாச்சும் பண்ணு."

வெளியே வந்து நடைபாதையில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.  கத்தல் எண்ணர் இரண்டு கையிலும் டீயோடு வந்து ஒன்றை நீட்டினார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் அவருக்கு இன்று ஓய்வு.

"அது நிம்மதியா இல்லைல்ல?" என்றார் எண்ணர்.

"இல்ல."

எண்ணர் டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்தார். "எம்பொண்ணுக்கு ரெண்டரை வயசு. போன மாசம் காப்பகத்துல விட்டோம். மொத ரெண்டு நாள் கேட்டைப் புடிச்சுக்கிட்டுக் கத்தினா. மூணாம் நாள் கத்தல. பழகிடுச்சுன்னு சொன்னாங்க. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? அப்புறம் ஒருநாள் சீக்கிரமாப் போனேன். எல்லாப் புள்ளைங்களும் விளையாடுது. இவ மட்டும் ஓரமா உக்காந்திருக்கா, செருப்பக்கூடக் கழட்டாம. எப்ப வேணா கூப்பிட வருவாங்கன்னு." கருவியைச் சட்டைப் பையில் போட்டார். "சத்தம் வந்தாத்தாங்க எண்ண முடியும். எனக்கு அவ்ளோதான் சொல்லிக் குடுத்தாங்க."

 நிதானத்தின் கண் எதிர்ச் சுவரில் இருந்தது. அங்கே இயக்ககத்தின் விதிகள் நாற்பதும் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. காலையிலிருந்து போகும்போதும் வரும்போதும் அதைத்தான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வரை வந்திருந்தார். கவலையிலும் பழக்கம் விடவில்லை, இருபத்து மூன்றைப் படித்தார். 'அமைதியடைந்த கன்றின் அமைதி நீடிக்கும்பொருட்டு, அதன் இருப்பிடத்திலிருந்து பழகிய பொருள் ஒன்றை (கயிறு, சாக்கு, வாளி போன்றவை) உரிய படிவத்தில் அனுமதி பெற்று உடன் வைக்கலாம். பழகிய பொருளைக் கன்றிடமிருந்து எக்காரணம் கொண்டும் அகற்றலாகாது.'

இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எழுந்தது அதுதான் முதல் முறை.

"'போன்றவை'ன்னு போட்டிருக்குல்ல?" என்று கேட்டார்.

எண்ணர் போய் விதியைப் பார்த்தார். திரும்பி நிதானத்தைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து, தூசு தட்டி, ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

நிதானம் நிதானமாக நிரப்பினார். ஒரு பொய் எழுதவில்லை.

பொருளின் பெயர்: மகராசி. நிறம்: பழுப்பு. எடை: முந்நூற்று எண்பது கிலோ. எத்தனை நாளாகப் பழக்கம்: ஒன்பது நாள்; அதற்கு முன் உள்ளேயே ஒன்பது மாதம். பயன்: சாய்ந்துகொள்ள. கழுவக்கூடியதா: ஆம், தினமும். கூர்மையான பாகங்கள் உண்டா: இரண்டு. எளிதில் தீப்பற்றுமா: இதுவரை இல்லை. தூக்கிவர ஆள் தேவையா: தேவையில்லை, தானே வரும்.

படிவ அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஒரு கட்டமும் காலி இல்லை. அவர் முகம் மலர்ந்தது. "இவ்ளோ சுத்தமா யாரும் நெரப்பினதே இல்ல" என்று பாராட்டி, ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். அவருடைய முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, அந்தப் பொருள் லாரிப் பலகை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

மகராசிக்கு வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்துகொண்டே சாய்தளத்தில் ஏறி, நடைபாதையில் நடந்து, இயக்குநரின் அறை வாசலில் சாவகாசமாகச் சாணி போட்டுவிட்டு, அமைதி அறைக் கதவைத் தலையால் தள்ளித் திறந்தது. பொட்டுவை நெற்றியிலிருந்து வால்வரை நக்கியது. ஒரு நக்கு நக்கினால் கன்று ஒரு அடி நகர்ந்தது, அவ்வளவு அழுத்தம். பத்தாவது நக்கிலோ என்னவோ காது ஒன்று அசைந்தது. நிதானம் கன்றின் வயிற்றில் கை கொடுத்து நிறுத்தி, காம்பைப் பீய்ச்சி உதட்டில் தடவினார். இறங்கவில்லை. மறுபடி தடவினார். "குடிம்மா, குடிடி தங்கம், அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்" என்று என்னென்னவோ உளறினார். மூன்றாவது தடவை நாக்கு சுருண்டு வந்து காம்பைப் பிடித்தது. வால் ஆடத் தொடங்கியது. நிதானம் பொய்ப் பசுவின் மேல் சாய்ந்துகொண்டு அழுதுவிட்டார். அந்த மர மாட்டால் அன்று கிடைத்த ஒரே பிரயோஜனம் அதுதான்.

இயக்குநர் ஓடிவந்தார். வரும் வழியில் ஒரு ஷூ வழுக்கியது. "என்ன இது? என்ன இது?"

"அனுமதிக்கப்பட்ட பொருள் சார்" என்றார் பின்னாலேயே வந்த படிவ அம்மா. உண்மையில் அவருக்கும் முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனாலும் முத்திரை முத்திரைதான்.

"பொருள் சாணி போடுதே!"

"அதைப் பத்திப் படிவத்துல கேள்வி இல்ல சார்."

"வெளிய கொண்டு போங்க!"

"விதி இருபத்து மூணு. எக்காரணம் கொண்டும் அகற்றலாகாது."

"அப்போ நாளைக்கு அமைச்சர் வர்ற வரைக்கும் இது இங்கேயேவா நிக்கும்?"

"அது முடியாது சார்." படிவ அம்மா தர்மசங்கடத்தோடு சுவரைக் காட்டினார். "விதி முப்பத்தொண்ணு. வெளியாட்களோட பொருளை அஞ்சு மணிக்கு மேல ஆபீஸ்ல வெச்சிருக்கக் கூடாது."

இயக்குநர் இரண்டு விதியையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் கையெழுத்து அவருடையதுதான். பொருள் போக வேண்டும், பொருளைக் கன்றிடமிருந்து பிரிக்கக் கூடாது. மணி நாலு ஐம்பது. அவருக்கு முழி பிதுங்கியது.

"சரி, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார் கடைசியில். "கன்னும் நானும் மட்டும். பொருள் தெரியக் கூடாது." அப்படியே எடுத்தார்கள். வாயோரம் நுரை தளும்பக் கன்று, பக்கத்தில் சிரித்தபடி அவர். சான்றிதழில் சைபர் என்று எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, நிதானத்திடம் கொடுத்தார்கள்.

வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. காவலர் தடுப்புக் கட்டையைத் தூக்கப் போன நேரம், வயிறு நிறைந்து தெம்பு வந்த பொட்டு, கழுத்தை நீட்டி ஒரு கத்தல் கத்தியது பாருங்கள். இருந்த உயிரையெல்லாம் திரட்டிக் கத்தியது. தொடர்ந்து இன்னொன்று. படியில் நின்ற இயக்குநர் சட்டென்று நிமிர்ந்தார். படிவ அம்மா நிமிர்ந்தார். மாடிகளில் தலைகள் முளைத்தன. எல்லோரும் கத்தல் எண்ணரைப் பார்த்தார்கள். 

எண்ணரின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது. வெளியே வரவில்லை.

"கன்னு இல்ல சார்" என்றார். "லாரி ஹாரன்."

நிதானம் உடனே ஹாரனை அமுக்கினார். பாலம் தாண்டும் வரை கையை எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அக்காவின் புதுக் கொட்டகைக்குத் தீவனம் இறக்கப் போனபோது, நிதானத்தின் கையில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. எல்லா வண்டிக்காரர்களுக்கும் வந்திருந்தது. பொட்டு கொட்டகைக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு குதித்தோடிக்கொண்டிருந்தது. அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

'இயக்ககத்தின் நீண்டகால ஆய்வின் பயனாக, பழகிய பொருள் முறையால் கன்றின் துயரம் முற்றிலும் நீங்குவது கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே இனி ஒவ்வொரு கன்றுக்கும் பழுப்பு நிறமுடைய, முந்நூற்று எண்பது கிலோ எடையுள்ள பொருள் ஒன்று கட்டாயம்.'

அக்கா சிரித்த சிரிப்பில் மகராசி திரும்பிப் பார்த்தது. "எப்படியோ புத்தி வந்துச்சேடா அவங்களுக்கு! இனிமே எல்லாக் கன்னும் அம்மாகூடவே போகும்."

"கடைசி வரைக்கும் படிக்கா" என்றார் நிதானம். அவர் அச்சகத்தின் முகவரி வரை படித்துவிட்டிருந்தார்.

அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு கீழே பொடி எழுத்துக்கு வந்தாள்.

'குறிப்பு: பாதுகாப்புக் கருதி, பழகிய பொருளைக் கன்று ஏறும் வண்டியில் ஏற்றக் கூடாது. தனி வண்டியில் கொண்டுவர வேண்டும்.'